பதினாலாம் நாள் ரத்தம்

கொசு மனுஷனையும் கடிக்குது, குதிரையையும் கடிக்குது. இந்த உண்மைய சர்க்கார் ஐம்பத்தெட்டாம் வருஷம் ஜூன் மாசம் எழுத்துமூலமா ஒப்புக்கிச்சு. அதுக்கு முன்னாடி கடிச்சதெல்லாம் முறைப்படி கடிச்சதா ஆகாது.

சும்மா கடிச்சா பரவாயில்ல, சொறிஞ்சுட்டு வேலையப் பாக்கப் போயிடலாம். ஆனா சில கொசுவுக்குள்ள வைரஸ்னு ஒரு கிருமி இருக்கு. அது ரத்தத்துல கலந்து மூளைக்குப் போச்சுன்னா, குதிரை சுவத்துல நெத்தியக் குடுத்துக்கிட்டு நின்ன இடத்துலயே நிக்கும். குழந்தைக்கு உடம்பு அனலாக் காயும், கைகால் வெட்டி இழுக்கும், அப்புறம் கூப்பிட்டா திரும்பிப் பாக்காது. இதுக்கு மருந்து கிடையாது. கொசு வளர்ற தண்ணிய ஒழிக்கறது ஒண்ணுதான் வழி.

இதுல சர்க்காருக்கு ஒரு தர்மசங்கடம். மனுஷ டாக்டர் குதிரையப் பாக்க மாட்டாரு. குதிரை டாக்டர் மனுஷனப் பாக்க மாட்டாரு. கொசுவ ரெண்டு பேருமே பாக்க மாட்டாங்க. அதனால ஒரு கமிட்டி போட்டாங்க. கமிட்டி ஏழு தடவை கூடி, எல்லாரையும் ஒரே கூரைக்கு அடியில உக்கார வச்சுட்டா வியாதி பயந்துடும்னு கண்டுபிடிச்சுது. அப்படித்தான் பெங்களூர் கண்டோன்மென்ட்ல 'அசுவ மானுட மூளைக்காய்ச்சல் கண்காணிப்புக் கூட்டு அலுவலகம்' பொறந்துச்சு. அந்தப் பேர நீங்க முழுசா சொல்லி முடிக்கறதுக்குள்ள ஒரு கொசு ரெண்டு பேரக் கடிச்சு முட்டையும் போட்டுட்டுப் போயிடும்.

கட்டடம் கிடைக்கல. வெள்ளைக்கார பட்டாளம் விட்டுட்டுப் போன பழைய குதிரை லாயத்தத்தான் குடுத்தாங்க. ஒரு குதிரை நிக்கற இடத்துல ஒரு ஆபீசர். கொள்ளு போடற தொட்டியில ஃபைல். குதிரையக் கட்டற இரும்பு வளையத்துல குடை. முதல் கட்டுல மனுஷப் பிரிவு, அதுக்குத் தலைவர் சேஷகிரி. அடுத்த கட்டுல குதிரைப் பிரிவு, அதுக்குத் தலைவர் ஸ்ரீகண்டன். நடுவுல இடுப்பு உயரத்துக்கு ஒரு மரத்தடுப்பு. அந்தத் தடுப்பு மேல கைய நீட்டி ரெண்டு பேரும் பொடி டப்பா மாத்திக்குவாங்க. ஆனா ஃபைல் அப்படிப் போகக் கூடாது. ரெண்டும் வேற வேற இலாகா. சேஷகிரி ஃபைல உறையில போட்டு ஒட்டி தபாலாபீசுக்கு அனுப்புவாரு. மூணாம் நாள் போஸ்ட்மேன் வந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் குடுப்பாரு. "வந்துடுத்து ஓய்"னு ஸ்ரீகண்டன் சொல்வாரு. "சந்தோஷம்"னு இவரு சொல்வாரு.

அடுத்த வருஷம் ஊர்ல இருக்கற ஆபீசுக்கெல்லாம் மேப் பைத்தியம் பிடிச்சிருந்தது. யாரோ ஒரு வெளிநாட்டு நிபுணர் வந்து, சுவத்துல மேப் மாட்டி அதுல கலர் பின் குத்தாத ஆபீஸ் விஞ்ஞான ஆபீசே இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. உடனே பட்டுப்பூச்சி ஆபீஸ்ல குத்தினாங்க, தராசுக்கு முத்திரை போடற ஆபீஸ்ல குத்தினாங்க. எங்க ஆபீசுக்கு அவரே நேர்ல வந்து மேப்பும் ரெண்டு பெட்டி பின்னும் குடுத்தாரு. வியாதி உறுதியான குதிரைக்கு சிவப்பு. உறுதியான மனுஷனுக்கு நீலம். ஸ்ரீகண்டன் பதினொரு சிவப்பு குத்திட்டாரு. சேஷகிரியோட நீலப் பெட்டி, நூறு பின், ஒட்டின காகிதம் கூடக் கிழியல.

நான் அப்போ மெடிக்கல் காலேஜ்ல மூணாவது வருஷம். தங்கவயல் சுரங்கத்துல வேலை பாக்கறவரோட பையன், காக்ஸ் டவுன்ல சித்தி வீட்ல இருந்து படிக்கறேன். லீவு நாள்ல சும்மா இருக்க வேணாம்னு, வியாதிப்பட்ட மனுஷன், குதிரை ரெண்டுகிட்டயும் போய் ரத்தம் எடுத்துட்டு வர்ற வேலைய எனக்குக் குடுத்தாங்க. முதல் நாள் சேஷகிரி என்ன உக்கார வச்சு பாடம் நடத்தினாரு.

"இத பாருப்பா ரெமிஜியஸ். வியாதி வந்த உடனே ஒரு ரத்தம். பதினாலாம் நாள் இன்னொரு ரத்தம். ரெண்டையும் லேப்புக்கு அனுப்பணும். ரெண்டாவது ரத்தத்துல எதிர்ப்பு சக்தி நாலு மடங்கு ஏறியிருந்தா வியாதி உறுதி."

"ஒரு ரத்தம் போதாதா சார்?"

"உனக்கு ஒரு செருப்பு போதுமா?"

இது விஞ்ஞானம், இதுல எனக்கு சண்டை இல்ல. லேப்புல அப்படித்தான் கண்டுபிடிக்க முடியும். ஆனா லேப்புக்காரங்க வழி சொன்னாங்க, எங்க ஆபீஸ் அதுக்கு வேலி போட்டுது. சுவத்துல பெருசா எழுதி மாட்டியிருந்தாங்க: 'இரட்டை ரத்தம் பெறப்படாத நோயாளி, நோயாளியாகக் கருதப்பட மாட்டார்.'

"பதினாலு நாளுக்குள்ள செத்துட்டா சார்?"

சேஷகிரி கொஞ்சம் யோசிச்சாரு. "ஒத்துழைக்கலேன்னு எழுதணும்."

"அப்போ நம்ம கணக்குப்படி இந்த வியாதில செத்தவங்க எத்தனை பேரு?"

"ஒருத்தரும் இல்லப்பா"ன்னாரு பெருமையா. "இந்தப் பிரதேசத்துல இந்த வியாதிக்கு சாவே கிடையாது. நிபுணரே ஆச்சரியப்பட்டார்."

தாஸ் அண்ணன் எங்க ஊர்க்காரரு. சுரங்கத்துல ஆள் குறைச்சப்போ இங்க வந்து ஜட்கா ஓட்ட ஆரம்பிச்சவரு. ஜீவனஹள்ளியில ஒரு லைன் வீட்ல சம்பூர்ணம் அண்ணியோடவும் எட்டு வயசு பொண்ணு தனலக்ஷ்மியோடவும் இருந்தாரு. குதிரை பேரு மோத்தி. வீட்டுக்குப் பின்னாடி, ரோடு போட மண் எடுத்துட்டு விட்டுட்டுப் போன பள்ளம் ஒண்ணு. மழை பேஞ்சு பேஞ்சு அது குளமாயிடுச்சு. பச்சைத் தண்ணி. சாயங்காலம் ஆனா அந்தப் பள்ளத்துல இருந்து கொசு எழும்பறது கம்பளிய உதறின மாதிரி இருக்கும்.

நான் ஆபீஸ்ல சேந்த வாரமே அவரக் கூட்டிட்டுப் போய் சேஷகிரி முன்னாடி நிறுத்தினேன்.

"பள்ளத்த மூடச் சொல்லுங்க சாமி"ன்னாரு தாஸ் அண்ணன்.

"யாருக்காவது வியாதி உறுதியாச்சா?"

"எங்க லைன்ல மூணு குழந்தைங்க செத்துப்போச்சு சாமி."

"செத்தத நான் கேக்கல. உறுதியாச்சான்னு கேக்கறேன்."

தாஸ் அண்ணன் என்னத் திரும்பிப் பாத்தாரு. சேஷகிரி பொறுமையா விளக்கினாரு. ஏழாம் நம்பர் சுற்றறிக்கைப்படி, ஒரு மனுஷனுக்கு வியாதி உறுதியானா அவன் வீட்லேர்ந்து ரெண்டு பர்லாங்குக்குள்ள இருக்கற தேங்கின தண்ணிய எல்லாம் மூடணும். அதுக்கு அவருக்கு முழு அதிகாரம் உண்டு, கையெழுத்து போட்டா நாளைக்கே லாரி வரும். உறுதியாகாத வரைக்கும் பள்ளம் பள்ளம்தான்.

"குதிரைக்கு உறுதியானா சாமி?"

தடுப்புக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஸ்ரீகண்டன் எழுந்தாரு. "குதிரைன்னா எட்டாம் நம்பர் சுற்றறிக்கை. தண்ணிய நகத்த வேண்டாம், குதிரைய ரெண்டு பர்லாங் நகத்தணும்."

"குழந்தைய நகத்தச் சொல்லி எந்த நம்பர்லயாவது இருக்கா சார்?"னு நான் கேட்டேன்.

"நீ வந்து ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள வாய் ரெண்டு பர்லாங் நீளறது"ன்னாரு சேஷகிரி. அவரு நல்ல தமிழ் பேசற மனுஷன். முடியாதுன்னு சொல்ல வேண்டிய இடத்துல மட்டும் கன்னடத்துக்குப் போயிடுவாரு. தாஸ் அண்ணனப் பாத்து, "ஆகல்லப்பா"ன்னாரு.

செப்டம்பர் மாசம் ஒரு நாள் மோத்தி கொள்ளு தின்னாம சுவத்துல நெத்தியக் குடுத்துக்கிட்டு நின்னுச்சு. மறுநாள் காலைல தனலக்ஷ்மிக்கு காய்ச்சல். தகவல் வந்ததும் ஊசி, கண்ணாடிக் குழாய், ரெண்டு தினுசு ஃபாரம் எல்லாம் எடுத்துக்கிட்டு ஓடினேன்.

முதல்ல குதிரை. குதிரை ஃபாரம் நாலு பக்கம். பேர், நிறம், குணம், தாய் பேர், தகப்பன் பேர், எந்தப் பந்தயத்துல ஓடியது.

"தகப்பன் பேரா?"ன்னாரு தாஸ் அண்ணன். "அது மோத்தியோட அம்மாவத்தான் கேக்கணும். பந்தயம்னு எழுது, கண்டோன்மென்ட் ஸ்டேஷன்ல மெயில் வண்டி வந்தா தினம் ஓடறான்."

அப்புறம் தனலக்ஷ்மி. மனுஷ ஃபாரம் அரைப் பக்கம். அதுல பேருக்கு இடம் இல்ல, மானுடத்துக்கு ஒரு 'மா' போட்டு நம்பர்தான். பாய்ல படுத்துக்கிட்டு கண்ணு செவந்து பாத்துக்கிட்டிருந்தா. நெத்தியில கை வச்சேன், சுட்டுச்சு. ஊசி குத்தினப்போ அழல. நான் எழுதறதையே பாத்தா.

"மோத்திக்கு மோத்தின்னு எழுதின. எனக்கு என்ன எழுதின?"

"மா இருநூத்திப் பன்னெண்டு."

"என் பேரு அது இல்ல."

"ஃபாரத்துல இடம் இல்ல கண்ணு."

"ஓரத்துல எழுது. தனலக்ஷ்மி, ரெண்டாங் கிளாஸ் பி செக்‌ஷன்."

ஓரத்துல எழுதினேன். அவ தலைய மெதுவா ஆட்டி சரி பாத்துக்கிட்டா. பக்கத்து வண்டிய அமத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மோத்தி இழுக்கற நிலைமைல இல்ல.

மூணாம் நாள் மோத்தி சுவத்த விட்டு நகந்துச்சு. ஏழாம் நாள் கொள்ளு தின்னுச்சு. ஒன்பதாம் நாள் தனலக்ஷ்மி செத்துட்டா.

மறுநாள் நான் ஆபீசுக்குப் போனேன். சேஷகிரி கெட்ட மனுஷன் இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன். விஷயத்தக் கேட்டதும் எழுந்து நின்னாரு. கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு. "எட்டு வயசா? த்சொ"ன்னாரு. அப்புறம் காலண்டரப் பாத்து விரல் விட்டு எண்ணினாரு.

"இன்னும் அஞ்சே நாள் இருந்திருந்தா எவ்வளவு சௌகரியமா இருந்திருக்கும்."

"யாருக்கு சார்?"

"எல்லாருக்கும்தான். அந்தப் பள்ளத்துக்கும் சேத்துத்தான் சொல்றேன். எனக்கு மட்டும் மூட ஆசை இல்லையா? நீலப் பின் ஒண்ணு குத்த எனக்கு ஆசை இல்லையா?"

"முதல் ரத்தம் நம்மகிட்ட இருக்கு. ஆஸ்பத்திரில டாக்டரே மூளைக்காய்ச்சல்னு எழுதியிருக்காரு."

"எந்தக் கிருமியால மூளைக்காய்ச்சல்? அவருக்குத் தெரியுமா? தெரியாது. எனக்கும் தெரியாது. ரெண்டாவது ரத்தத்துக்குத்தான் தெரியும். கொண்டு வா, இந்த நிமிஷம் கையெழுத்து போடறேன்."

"எங்கேர்ந்து கொண்டு வர்றது, குழியத் தோண்டியா?"

"கோபப்படாதே. ஞாபகக் கடிதம் அனுப்பலாம். அதுதான் முறை."

அனுப்பிட்டாரு. பதிமூணாம் நாள் காலைல ஜீவனஹள்ளிக்கு ஒரு கார்டு வந்துச்சு. இங்கிலீஷ்ல இருந்தத நான்தான் தமிழ்ல படிச்சுக் காட்டினேன். 'மா 212 அவர்களுக்கு. தாங்கள் நாளைய தினம் தங்களது இரண்டாவது ரத்தத்தை அளிக்கக் கடமைப்பட்டுள்ளீர்கள். தவறினால் தாங்கள் நோயுற்றதாகக் கருதப்பட மாட்டீர்கள்.'

வாசல்ல எல்லம்மா நின்னுட்டிருந்தாங்க. பக்கத்து வீடு. அவங்க இடுப்புல ஒரு குழந்தை, கையப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு. ரெண்டும் காலச் சொறிஞ்சுக்கிட்டிருந்துச்சு. பின்னாடி மோத்தி தொட்டியில மூக்க விட்டு கொள்ளு மெல்ற சத்தம் கேட்டுச்சு. தாஸ் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தாரு.

"அவனுக்கும் அதே கொசுதானே கடிச்சுது?"

"ஆமாண்ணே."

"அவன் ரத்தத்துலயும் அந்த நாலு மடங்கு ஏறியிருக்கும்?"

"ஏறியிருக்கும்."

"கேட்டது ரத்தம்தானே. அவன்கிட்ட ரெண்டு குழாய் எடு. ஒண்ணுல அவன் பேரப் போடு, இன்னொண்ணுல என் பொண்ணு பேரப் போடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆபீஸத் திட்டறது வேற. விஞ்ஞானத்துல பொய் கலக்கறது வேற. "அண்ணே, அது மோசடி. லேப்புல கண்டுபிடிச்சா என்ன காலேஜ விட்டே துரத்துவாங்க. அதோட அது பரிசோதனையே இல்ல. அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு"ன்னு நீளமா வாதாடினேன். நான் வாதாட ஆரம்பிச்சா சீக்கிரம் நிறுத்த மாட்டேன், எங்க காலேஜ்ல கேட்டுப் பாருங்க.

சம்பூர்ணம் அண்ணி நான் முடிக்கற வரைக்கும் காத்திருந்தாங்க. அப்புறம் எல்லம்மா குழந்தைங்களக் காட்டினாங்க.

"இதுல எதுகிட்ட பதினாலாம் நாள் ரத்தம் எடுக்கலாம்னு பாக்கற, ரெமி?"

மறுநாள் மோத்தி கழுத்து நரம்புல ரெண்டு குழாய் ரத்தம் எடுத்தேன். தாஸ் அண்ணன் அது காதுகிட்ட என்னமோ சொல்லிக்கிட்டே பிடிச்சுக்கிட்டாரு. அது ஆடாம நின்னுச்சு. ஒரு குழாய்ல 'மோத்தி'ன்னு ஒட்டினேன். இன்னொண்ணுல 'மா 212'ன்னு எழுதி, ஓரத்துல பேரும் எழுதினேன்.

லேப்புல இருந்து பதில் வர ஆறு வாரம் ஆச்சு. அன்னிக்கு சேஷகிரி ஆபீஸ்ல இனிப்பு வாங்கிக் குடுத்தாரு. மனுஷனுக்கு உறுதி. நாலு மடங்கு என்ன, முப்பத்திரண்டு மடங்கு. நீலப் பெட்டிய அவரே நகத்தால கிழிச்சு, ஸ்டூல் போட்டு ஏறி, ஜீவனஹள்ளி மேல முதல் பின்னக் குத்தினாரு. குத்திட்டு இறங்கி ரெண்டடி பின்னாடி வந்து பாத்தாரு. மறுபடி ஏறி நேராக்கினாரு.

ஸ்ரீகண்டன் மட்டும் கடுதாசிய வச்சுக்கிட்டு முகத்தச் சுளிச்சாரு. "ஓய், லேப்புல ஒரு குறிப்பு எழுதியிருக்கான். உம்ம மா 212 ரெண்டாவது ரத்தமும் என் மோத்தி ரெண்டாவது ரத்தமும் துல்லியமா ஒரே அளவு காட்டறதாம். விசித்திரமா இருக்காம்."

நான் கீழ கிடந்த இனிப்புக் காகிதத்தப் பொறுக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

"இதுல என்ன விசித்திரம்?"னாரு சேஷகிரி. "அசுவமும் மானுடமும் ஒண்ணுன்னுதானே இந்த ஆபீசையே ஆரம்பிச்சா. கொள்கை நிரூபணம் ஆயிடுத்து."

"அப்போ கண்டுபிடிப்புல பாதி என் பிரிவுக்கு."

"தபால்ல கேளும்."

சொன்ன சொல்லுக்கு மாறல, மறுநாளே லாரி வந்துச்சு. ரெண்டு நாள் மண்ணக் கொட்டி பள்ளத்த மூடினாங்க. மூணாம் நாள் எட்டாம் நம்பர் சுற்றறிக்கைப்படி குதிரைக்கு உத்தரவு வந்துச்சு: மோத்தி என்னும் குதிரையை மேற்படி பள்ளத்திலிருந்து ரெண்டு பர்லாங் அப்பால் கட்ட வேண்டும். "எந்தப் பள்ளம்?"னு தாஸ் அண்ணன் கேட்டாரு. உத்தரவு கொண்டு வந்த பியூன் சுத்திமுத்திப் பாத்துட்டு கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு. தாஸ் அண்ணன் அன்னிலேர்ந்து மோத்திய அந்தப் புது மண்ணு மேலதான் கட்டறாரு.

இத்தோட கதை முடிஞ்சிருந்தா நான் நிம்மதியா பரீட்சைக்குப் படிச்சிருப்பேன். டிசம்பர்ல நிபுணர் மறுபடி வரப்போறாருன்னு தகவல் வந்துச்சு. சேஷகிரி என்னக் கூப்பிட்டாரு.

"அந்தப் பொண்ண நல்ல பாவாடை கட்டி அழைச்சுண்டு வா. போட்டோ எடுக்கணும். குணமான முதல் கேஸ்."

"எந்தப் பொண்ணு சார்?"

"மா 212."

"சார், அவ செத்துட்டா. உங்ககிட்டதான் வந்து சொன்னேன், நீங்க எழுந்து நின்னீங்க."

"சொன்னே. நானும் வருத்தப்பட்டேன். அது பத்தாம் நாள். பதினாலாம் நாள் ரத்தம் குடுத்திருக்காளே?"

மறைச்சு வச்சு வச்சு எனக்கும் நெஞ்சு வெடிக்கற மாதிரி இருந்துச்சு. "அது அவ ரத்தம் இல்ல. குதிரை ரத்தம். நான்தான் மாத்தி ஒட்டினேன்"னு சொல்லிட்டேன்.

தடுப்புக்கு மேல ஸ்ரீகண்டன் தலை வந்துச்சு.

"குதிரை ரத்தமா இருக்க முடியாது"ன்னாரு அவரு. "ஒரு குதிரைக்கு என் பிரிவுல ரெண்டு குழாய்தான். மூணாவது குழாய்க்கு ஃபாரமே கிடையாது."

"கேட்டியா?"ன்னாரு சேஷகிரி. "யோசிச்சுப் பாரு. ஒன்பதாம் நாள் செத்தவ பதினாலாம் நாள் ரத்தம் குடுக்க முடியுமா? முடியாது. ஆனா குடுத்திருக்கா. அப்போ செத்திருக்க முடியாது."

"ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்திருக்காங்களே சார்?"

"ஆஸ்பத்திரி பேப்பர் ஒரு கிளார்க் எழுதினது. லேப் பேப்பர் விஞ்ஞானம். நீ படிக்கற பையன், நீ எத நம்புவே?"

"நான் புதைச்சதப் பாத்தேன். கண்ணால பாத்தேன்."

சேஷகிரி என்ன உக்காரச் சொன்னாரு. குரலத் தாழ்த்திக்கிட்டாரு. ஒரு வெள்ளைத்தாள என் பக்கம் தள்ளினாரு, பேனா மூடியையும் அவரே கழட்டினாரு.

"சரி, எழுதிக் குடு. எழுதிக் குடுத்தா நீலப் பின்ன எடுக்கணும். நீலப் பின் இல்லேன்னா ஏழாம் நம்பர் சுற்றறிக்கை செல்லாது. செல்லாதுன்னா பள்ளம் ஆதாரம் இல்லாம மூடப்பட்டது. ஆடிட்காரா வருவா. மூடின பள்ளத்தத் திரும்பத் தோண்டி, மண்ண கிடங்குல ஒப்படைக்கணும். அந்தப் பள்ளத்து மேல இருக்கற ஒரே மூடி அந்தப் பொண்ணுதான். நீயே சொல்லு. இருக்காளா, இல்லையா?"

நான் எதுக்கும் பதில் வச்சிருக்கறவன். எங்க புரொஃபசர்கிட்டயே வாய் குடுத்து ஒரு வருஷம் கோட்டை விட்டவன். அன்னிக்கு அந்தத் தாளையும் பேனாவையும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் பேனாவ மூடினேன்.

"இருக்கா சார். ஆனா போட்டோவுக்கு வர மாட்டா. அம்மா விட மாட்டாங்க."

"அது கௌரவமான காரணம்"னு எழுதிக்கிட்டாரு.

குணமானவங்கள அப்படியே விட முடியாதில்ல, அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு. 'குணமடைந்தோர் முன்னேற்றப் படிவம்.' மூணு மாசத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குப் போய் நிரப்பணும். மேல நம்பர் போட்டு வருது. நடை எப்படி, பேச்சு எப்படி, ஞாபகம் எப்படி, பள்ளிக்கூடம் போகிறாரா. ரத்தம் எடுத்த ஆள்தான் நிரப்பணும், அதனால நான்தான்.

முதல் தடவை வழியிலயே ஒரு மரத்தடில நின்னு எல்லாத்துலயும் 'நார்மல்'னு எழுதிட்டேன். வீட்டுக்குப் போகாமலே இருந்திருக்கலாம். ஆனா தாஸ் அண்ணன்கிட்ட கையெழுத்து வேணும். அவரு கையெழுத்து போட்டுட்டு வெளிய போயிட்டாரு. அண்ணி தாள வாங்கி, படிக்கத் தெரியாட்டியும் மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தாங்க.

"என்ன எழுதியிருக்க? படி."

படிச்சேன். குரல் எனக்கே பிடிக்கல.

"பேச்சு நார்மல்னா?"

"சாதாரணமா பேசறான்னு."

"அவ சாதாரணமா பேசினாளா? வாயாடின்னு எழுது."

நான் அண்ணிய நிமிந்து பாத்தேன். அவங்க என்னப் பாக்கல, ஃபாரத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க. அடிச்சுட்டு எழுதினேன்.

"ஓரத்துல பேர் எழுதல நீ."

பேரும் எழுதினேன்.

அதுலேர்ந்து மூணு வருஷம் ஆகுது. பன்னெண்டு ஃபாரம் ஆச்சு. மரத்தடியில எழுதறத விட்டுட்டேன். அண்ணி சொல்லுவாங்க, நான் எழுதுவேன். சர்க்கார் ரிக்கார்டுல தனலக்ஷ்மி இப்போ அஞ்சாங் கிளாஸ். இடது கையால எழுதறா. ஒரு தடவை அம்மை வாத்து எழுந்திருச்சிருக்கா. போன தடவை கணக்குல மார்க் கம்மி. "எல்லாத்துலயும் நல்லா வாங்கறான்னா யாரு நம்புவா?"ன்னாங்க அண்ணி. ஆபீஸ்ல சேஷகிரி ஒவ்வொரு ஃபாரத்தையும் ரசிச்சுப் படிக்கறாரு. கணக்குல கம்மின்னு பாத்ததும் ட்யூஷன் வைக்கச் சொல்லு, அந்த வயசுல விட்டா வராதுன்னாரு. அவரு தெரிஞ்சு சொல்றாரா, மறந்துட்டு சொல்றாரான்னு எனக்கு இன்னும் புரியல. கேக்கவும் பயமா இருக்கு.

இந்த வருஷம் எனக்குக் கடைசி வருஷம். சேஷகிரி ரிடையர் ஆகப் போறாரு. போன மாசம் என்னக் கூப்பிட்டு, "படிப்ப முடிச்சுட்டு இந்த நாற்காலிக்கு வந்துடு. மனுஷப் பிரிவுல முழுசா இருக்கற ஒரே கேஸ் உன்னோடதுதான், நான் சிபாரிசு பண்றேன்"னாரு.

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. நேரா ஜீவனஹள்ளிக்குப் போய்க் கத்தினேன். அந்த லாயத்துல உக்காந்து நானும் பொடி போட்டுக்கிட்டு பின் குத்தறதா, பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், இந்த ஆபீஸப் பத்தி எல்லாத்தையும் எழுதி ஊருக்கே படிச்சுக் காட்டறேன் பாருன்னு.

அண்ணி அடுப்புகிட்ட இருந்து எழுந்து வந்தாங்க.

"உனக்குப் பதிலா வேற ஆள் வந்தா, ஃபாரத்த யாரு நிரப்புவா?"

"அவன் நிரப்புவான். நேர்ல வந்து பாப்பான், பொண்ணு எங்கன்னு கேப்பான்."

"அப்போ அவ செத்துடுவா."

தாஸ் அண்ணன் மோத்திக்குத் தேச்சு விட்டுக்கிட்டிருந்தவரு கைய நிறுத்தினாரு. எல்லம்மா குழந்தைங்க ரெண்டும் அந்த மண்ணு மேல கோடு போட்டு பாண்டி ஆடிக்கிட்டிருந்துச்சு.

"வேலைய ஒத்துக்க, ரெமி"ன்னாங்க அண்ணி.

நான் இன்னும் ஒத்துக்கல. போன வாரம் சேஷகிரி லீவுல போனப்போ, ரெண்டு நாளைக்கு மட்டும்னு அந்த நாற்காலில உக்காந்தேன், அவ்வளவுதான். ரெண்டாம் நாள் ஹெப்பகோடி பக்கத்துல இருந்து ஒருத்தர் வந்தாரு. செங்கல் சூளைக்காரங்க வெட்டின பள்ளமாம், வீட்டுக்குப் பக்கத்துலயே தண்ணி நிக்குதாம், ஒரு குழந்தை போயிடுச்சாம், இன்னொண்ணுக்கு நேத்துலேர்ந்து காய்ச்சலாம். தலைப்பாகைய அவுத்து கையில பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

"பள்ளத்த மூடச் சொல்லுங்க சாமி"ன்னாரு.

நான் மேப்ப நிமிந்து பாத்தேன். பெட்டியில இன்னும் தொண்ணூத்தொம்பது நீலப் பின் இருக்கு. ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர், பதினாலு நாள், எல்லாம் மனசுல ஒரு சுத்து சுத்தி வந்துச்சு. அவர உக்காரச் சொன்னேன். குழந்தை பேரக் கேட்டு ஓரத்துல எழுதிக்கிட்டேன். அப்புறம், தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்ரீகண்டன் காதுல விழாம, மெதுவா கேட்டேன்.

"உங்ககிட்ட குதிரை இருக்கா?"